குக்கரில் சுட்ட பிஸ்கட்டும் ஆயா பிடிக்கும் சிமிலியும்

கேள்வி:

வணக்கம் மேடம். நான் புது வண்ணாரப்பேட்டையில் இருக்கிறேன். வீட்டிலேயே தையல் வேலை. கணவர் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறார். மகளுக்கு 8 வயது, மாநகராட்சிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. மகனுக்கு இரண்டரை வயது.

மகள் எழுந்ததும் டீயில் நனைத்து ஆறு குளுக்கோஸ் பிஸ்கட் சாப்பிடுவாள். பள்ளிக்கு 50 கிராம் கிரீம் பிஸ்கட் பாக்கெட் ஒன்று. சாயங்காலம் மறுபடி டீ, நான்கு பிஸ்கட். டீ ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. தம்பியும் அவளைப் பார்த்து டீ கேட்கிறான். பள்ளியில் தரும் காலை டிபனைப் பாதிக்கு மேல் வைத்துவிடுகிறாள் என்று டீச்சர் சொன்னார்.

பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கும் எண்கள் எல்லாம் விஷம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. பயந்துபோய்க் கடை பிஸ்கட்டை நிறுத்தினேன். போன ஞாயிற்றுக்கிழமை 150 கிராம் மைதா, 100 கிராம் நாட்டுச் சர்க்கரை, 100 கிராம் வெண்ணெய் போட்டு, குக்கரில் உப்பைக் கொட்டி பிஸ்கட் சுட்டேன். அரை நாள் போய்விட்டது, செலவும் அதிகம். செய்ததெல்லாம் ஒரே சாயங்காலத்தில் தீர்ந்தது. மாமியார், "பிஸ்கட்டு துன்னுதான் உம் புருஷன் வளந்தான், அவனுக்கு இன்னா கெட்டுப்போச்சி?" என்கிறார். கடையில் வாங்குவதா, வீட்டில் செய்வதா? இன்னொன்று, மகள் கொஞ்ச நாளாகச் சோர்வாகவே இருக்கிறாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

— ஒரு வாசகி, புது வண்ணாரப்பேட்டை

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

அளவுகளை கிராம் கணக்கில் எழுதியதற்கு முதலில் நன்றி. முப்பது வருடமாகப் பிள்ளைகளின் சாப்பாட்டைப் பற்றி ஆலோசனை சொல்லும் இந்த வேலையில் இருக்கிறேன். "கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் வெண்ணெய்" என்று சொல்பவர்கள்தான் அதிகம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துக் கணக்கே போட்டுவிடலாம்.

மைதா 150, சர்க்கரை 100, வெண்ணெய் 100. மொத்தம் 350 கிராம். சுட்ட பிறகு ஈரம் போய் ஏறக்குறைய 320 கிராம் நின்றிருக்கும். அதில் சர்க்கரை மட்டும் 100 கிராம், அதாவது 31 சதவீதம். வெண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கு கொழுப்பு, ஆகவே கொழுப்பு 25 சதவீதம். நீங்கள் நிறுத்திய குளுக்கோஸ் பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். 100 கிராமுக்கு சர்க்கரை 25 கிராம் அளவிலும் கொழுப்பு 13 கிராம் அளவிலும் இருக்கும்.

உங்கள் மனம் வருத்தப்படும் என்று தெரியும். ஆனாலும் சொல்லியாக வேண்டும். நீங்கள் அரை நாள் நின்று சுட்டது, கடையில் விற்பதைவிட இனிப்பும் கொழுப்பும் கூடிய பிஸ்கட். வீட்டில் செய்தது என்பதால் மைதாவுக்கு நார்ச்சத்து வந்துவிடாது. 100 கிராம் கோதுமை மாவில் 11 கிராம் நார்ச்சத்து இருக்கிறது, மைதாவில் 3 கிராம்கூட இல்லை. பாமாயிலுக்குப் பதில் வெண்ணெய் போட்டீர்கள், செயற்கை வாசனையும் நிறமும் சேர்க்கவில்லை, அந்த மட்டில் நல்லதுதான். ஆனால் பிஸ்கட்டை வீட்டில் செய்தாலும் அது பிஸ்கட்தான்.

நாட்டுச் சர்க்கரை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளைச் சர்க்கரை ஒரு ஸ்பூனில் 16 கலோரி என்றால், அதே எடை வெல்லத்தில் 14. வெல்லத்தில் இரும்புச்சத்து உண்டுதான். ஆனால் ஒரு ஸ்பூனில் கிடைப்பது மிகச் சொற்பம். அதை நம்பி ஒரு ஸ்பூனுக்கு இரண்டாகப் போடும் அம்மாக்களை வாரந்தோறும் பார்க்கிறேன். ருசிக்காக வெல்லம் போடுங்கள், கருப்பட்டி போடுங்கள். அளவில் மட்டும் அதையும் சர்க்கரையாகவே எண்ணுங்கள்.

சரி, அந்த எண்கள். 500 என்று இருப்பது நம் வீட்டு ஆப்ப சோடா. 503 அதே குடும்பத்தைச் சேர்ந்த அமோனியம் உப்பு, மாவை உப்ப வைத்துவிட்டுச் சூட்டில் ஆவியாகிவிடும். 322 லெசித்தின், பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுப்பது. எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் பார்த்துக்கொள்ளும். இவை விஷம் என்பது வீண் பயம். கிரீம் பிஸ்கட்டில் 102, 110, 122, 124 என்று இருந்தால் மட்டும் கவனியுங்கள், அவை செயற்கை நிறங்கள். நம் நாட்டில் அளவோடு சேர்க்க அனுமதி உண்டு. ஐரோப்பிய நாடுகளில் 2010 முதல், இந்த நிறங்கள் சேர்த்த தின்பண்டங்களின் மேல், குழந்தைகளின் கவனத்தையும் நடத்தையையும் பாதிக்கலாம் என்று அச்சிட வேண்டும் என்பது சட்டம். தினமும் கொடுக்கும் பண்டத்தில் அவை இல்லாமல் இருப்பதே நல்லது.

எண்களைவிட முக்கியமானது, சேர்மானங்களை எழுதியிருக்கும் வரிசை. எது அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, அப்புறம் பாமாயில் என்று இருந்தால், அட்டையில் பால் குடமோ கதிர்க்கட்டோ எது வரைந்திருந்தாலும் உள்ளே இருப்பது அந்த மூன்றும்தான். "பால் பிஸ்கட்" என்று பெரிதாகப் போட்டிருப்பதில் பால் பொருள் எத்தனை சதவீதம் என்று தேடிப் பாருங்கள். ராகி பிஸ்கட்டிலும் அப்படித்தான். இன்வர்ட் சிரப், குளுக்கோஸ் சிரப் என்று தனித்தனியாக எழுதியிருப்பதும் சர்க்கரையே. டீக்கடை கண்ணாடி ஜாடியில் இருக்கும் பட்டர் பிஸ்கட்டுக்கும் பொறைக்கும் படித்துப் பார்க்க இந்த அட்டைகூடக் கிடையாது.

இப்போது உங்கள் மகளின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் ஆறு பிஸ்கட்டில் 7 கிராம் சர்க்கரை. கிரீம் பிஸ்கட் பாக்கெட்டில் 18. சாயங்காலம் நான்கு பிஸ்கட்டில் 5. இரண்டு வேளை டீயில் நான்கு ஸ்பூன், அது 16. கூட்டினால் 46 கிராம், பதினொரு ஸ்பூனுக்கு மேல். அவள் வயதுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1700 கலோரி தேவை. அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்த்த சர்க்கரையிலிருந்து வரக்கூடாது, இருபதில் ஒரு பங்கோடு நின்றால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. ஸ்பூன் கணக்கில் பத்து ஸ்பூன் உச்சம், ஐந்து ஸ்பூன் நல்லது. உங்கள் மகள் உச்சத்தைத் தாண்டி நிற்கிறாள்.

பதினொரு ஸ்பூனில் நான்கு ஸ்பூன் டீயில் இருக்கிறது என்பதைக் கவனித்தீர்களா? பிஸ்கட்டோடு சண்டை போடும்போது டீயை எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது டீச்சர் சொன்ன விஷயம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ, காய்கறி போட்ட சாம்பாரோடு சுடச்சுடத் தருகிறார்கள். உங்கள் மகள் அதை வேண்டாம் என்று வைக்கிறாள், ஏனென்றால் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே பிஸ்கட்டும் டீயும் அவள் பசியை அடக்கிவிடுகின்றன. அது வயிறு நிறைந்த பசியடக்கம் இல்லை, ஒரு மணி நேரத்தில் கலைந்துவிடும். அதற்குள் பள்ளியில் தட்டைக் கழுவி வைத்திருப்பார்கள். அடுத்து அவளுக்குக் கிடைப்பது பையில் இருக்கும் கிரீம் பிஸ்கட்.

பிஸ்கட்டால் வரும் கெடுதலில் பெரியது இதுதான் என்பது என் அனுபவம். தின்பண்டமாக இருக்கும்வரை அதனால் பெரிய தொல்லை இல்லை. சாப்பாட்டின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்போதுதான் பிள்ளை இளைக்கிறது. "நல்லா சாப்பிடுறா மேடம்" என்று ஒரு அம்மா ஏழு வயது மகளை அழைத்து வந்தார். ஒரு நாள் முழுக்க என்னென்ன என்று கேட்டு எழுதினேன். நாலு இட்லி அளவுக்கு மாவுப்பண்டம் உள்ளே போயிருந்தது, அத்தனையும் பிஸ்கட். பருப்பு, முட்டை, மீன், கீரை எதுவும் இல்லை. ஹீமோகுளோபின் 9 சொச்சம், ரத்தசோகை.

ஆகவே நாளைக் காலையிலிருந்து நீங்கள் செய்ய வேண்டிய முதல் காரியத்துக்கு அடுப்பே பற்ற வைக்க வேண்டாம். எழுந்ததும் டீயும் பிஸ்கட்டும் கிடையாது. பாதி டம்ளர் பால், வேண்டுமானால் அரை ஸ்பூன் சர்க்கரை. பசியோடு பள்ளிக்குப் போகட்டும். நான்கைந்து நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், அதற்கப்புறம் டிபன் தட்டு காலியாகும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வீட்டில் செய்யுங்கள். ஆனால் பிஸ்கட்டைச் செய்யாதீர்கள். நம் பக்கத்தில் நூறு பண்டம் இருக்கிறது. அதில் உங்களுக்கு நான் எழுதிக் கொடுப்பது கேழ்வரகு சிமிலி, அதாவது கேழ்வரகு அடையை வேர்க்கடலை, வெல்லத்தோடு இடித்துப் பிடிக்கும் உருண்டை. என் ஆயா ராயபுரத்தில் திண்ணையோரம் இருந்த உரலில் இடித்துப் பிடித்துக் கொடுத்தது. இடிக்கும் சத்தம் கேட்டாலே தெருப் பிள்ளைகள் வந்து நிற்போம். உங்கள் மாமியாருக்கும் நிச்சயம் தெரிந்திருக்கும். அவரிடமே கேளுங்கள்.

கேழ்வரகு மாவு 200 கிராம், வேர்க்கடலை 100 கிராம், பொடித்த வெல்லம் 80 கிராம், சிட்டிகை உப்பு, இரண்டு ஏலக்காய். மாவில் உப்பைப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அடைப் பதத்துக்குப் பிசைந்துகொள்ளுங்கள். தோசைக்கல்லில் கையால் தட்டி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, இரண்டு பக்கமும் நிதானமாக வேகவிடுங்கள். உள்ளே பச்சை மாவு நின்றால் பிள்ளைக்கு வயிறு வலிக்கும், அதனால் அடை மெல்லியதாகவே இருக்கட்டும். வேர்க்கடலையை வறுத்துத் தேய்த்துத் தோலைப் புடைத்துவிடுங்கள். சுருங்கிப்போனது, நிறம் மாறியது, கசப்பது எதுவாக இருந்தாலும் எறிந்துவிடுங்கள். கடலோரத்து ஈரக் காற்றில் கடலையில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும், அந்தப் பூஞ்சையின் நச்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது.

முதலில் கடலையை மிக்சியில் ஒரு சுற்று. அடை வெதுவெதுப்பாக இருக்கும்போதே பிய்த்துப் போட்டு, வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் களியாகிவிடும். சரியான பதத்தில் அது ஈர மண் மாதிரி உதிரியாக இருக்கும். ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். கடலை எண்ணெய் விட்டு உள்ளங்கை பளபளக்கும், உருண்டை தானாகப் பிடிபடும். நெய்யும் வேண்டாம், பாகும் வேண்டாம். இருபது உருண்டை வரும். ஒவ்வொன்றிலும் வெல்லம் ஒரு ஸ்பூன்தான். உருண்டைக்கு ஏறக்குறைய 2 கிராம் புரதம் கிடைக்கும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, வேறெந்தத் தானியத்திலும் இத்தனை கிடையாது. அரை மணி நேர வேலை. ஈரம் இருப்பதால் வெளியில் வைத்தால் அன்றே சாப்பிட வேண்டும், ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாளும் தாங்கும்.

பள்ளிப் பையில் கிரீம் பிஸ்கட் இருந்த இடத்தில் இரண்டு சிமிலி உருண்டை. நாலரை ஸ்பூன் சர்க்கரை போன இடத்தில் இரண்டு ஸ்பூன். அதோடு இரண்டாவது உருண்டையிலேயே அவளுக்குப் போதும் என்று தோன்றும். பிஸ்கட்டில் அது தோன்றுவதே இல்லை. மெல்லும் வேலை இல்லாமல் கரைந்து உள்ளே போகிறது, பாக்கெட் தீரும்வரை கை நிற்காது. உங்கள் குக்கர் பிஸ்கட் ஒரே சாயங்காலத்தில் தீர்ந்ததும் அதனால்தான்.

வீட்டுப் பண்டம் எல்லாமே சிமிலி மாதிரி என்று நினைத்துவிடக் கூடாது. கடலை உருண்டைக்கு 200 கிராம் கடலைக்கு 100 கிராம் வெல்லம் போடுகிறோம், மூன்றில் ஒரு பங்கு இனிப்பு. புரதம் இருப்பதால் அதைத் தள்ளமாட்டேன், நாளைக்கு ஒன்று போதும். அதிரசம் இனிப்பும் எண்ணெயும் சேர்ந்தது. தீபாவளிக்குச் செய்கிறோம், மனம் நிறையச் சாப்பிடுகிறோம், அது அன்றைக்கு. தினசரிக்கு அது பண்டம் இல்லை.

தையல் ஆர்டர் நிறைந்திருக்கும் நாளில் எதுவும் செய்ய வேண்டாம். அவித்த வேர்க்கடலை, வாழைப்பழம், ஒரு பிடி பொட்டுக்கடலை, வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, ஒரு கொய்யா. தை மாதத்தில் பனங்கிழங்கு. செலவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். உங்கள் ஞாயிற்றுக்கிழமைச் செலவில் பெரும்பங்கு வெண்ணெய். கேழ்வரகும் கடலையும் வெல்லமும் உங்கள் தெரு மளிகைக் கடை விலையில் கணக்குப் போட்டுப் பாருங்கள், கிரீம் பிஸ்கட் செலவோடு ஒப்பிட்டால் பயப்பட மாட்டீர்கள்.

மகனுக்குக் கொஞ்சம் வேறு மாதிரி. இரண்டரை வயதுக்கு டீ அறவே கூடாது. முழுக் கடலை, பொட்டுக்கடலை எதையும் கையில் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். நான்கைந்து வயதுவரை பொடித்துத்தான் தர வேண்டும். சிமிலியை அவனுக்கு இன்னொரு சுற்று அரைத்துச் சின்னதாகப் பிடித்து, மடியில் உட்கார வைத்துக் கொடுங்கள். அங்கன்வாடியில் தரும் சத்துமாவு வீட்டில் சும்மா கிடந்தால் எடுத்து வெறும் வாணலியில் லேசாக வறுத்து, வெந்நீர் தெளித்து, தேங்காய்த் துருவல் சேர்த்துப் பிடிகொழுக்கட்டையாகப் பத்து நிமிடம் ஆவியில் வையுங்கள். அதில் வெல்லம் ஏற்கெனவே கலந்திருக்கிறது, மேற்கொண்டு எதுவும் போட வேண்டாம். கஞ்சியாகக் கொடுத்தால் துப்பும் பிள்ளைகள் கொழுக்கட்டையாகக் கொடுத்தால் கையில் வாங்கிக்கொள்கிறார்கள்.

மாமியார் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. உங்கள் கணவர் பிஸ்கட் தின்றுதான் வளர்ந்திருப்பார். அந்த நாளில் வீட்டுக்கு யாராவது வந்தால் பிஸ்கட், காய்ச்சல் வந்தால் பிஸ்கட். காலையில் பழைய சோறோ கூழோ, மதியம் மீன் குழம்பும் சோறும் தட்டில் இருந்தன. மாமியாரிடம் வாதாட வேண்டாம். "அத்தை, சிமிலி பிடிக்க எனக்குக் கை வரல, நீங்க சொல்லிக் கொடுங்க" என்று கூப்பிடுங்கள். மிக்சியை நீங்கள் ஓட்டுங்கள், உருண்டையை அவர் பிடிக்கட்டும். ஆயா கையால் வாங்கித் தின்னும்போது பிள்ளைகள் பிஸ்கட்டைக் கேட்பது தானே குறையும்.

கடை பிஸ்கட்டை வீட்டிலேயே வைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்ற தெருக்களில் அடுப்பு எரியவில்லை. அப்போது பிள்ளைகள் வாயில் போனது பிஸ்கட். ஈரம் மிகக் குறைவு, காற்றுப் புகாத உறை, அதனால் மாதக்கணக்கில் கெடாது. ரயில் பயணம், மழை நாள், திடீரென்று வந்த விருந்தாளி, இதற்கெல்லாம் ஒரு பாக்கெட் இருக்கட்டும். வாரத்தில் ஒரு நாள் பிள்ளைகள் கேட்டால் இரண்டு கொடுங்கள், தட்டில் எடுத்து வைத்து. பாக்கெட்டை மட்டும் கையில் கொடுக்காதீர்கள். தின்ற பிறகு வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள், பல்லிடுக்கில் ஒட்டுவதில் பிஸ்கட்டும் வெல்லப் பண்டமும் ஒன்றுதான்.

கடைசி வரியில் எழுதியதைத்தான் நான் முதலில் படித்திருக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கக் கூடாது. இந்த வாரமே பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள், ரத்தப் பரிசோதனை அங்கே இலவசம். அவள் வயதில் ஹீமோகுளோபின் 11.5க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. மூச்சிரைப்புக்கு வேறு காரணம் இருக்கிறதா என்றும் அவர்கள் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் ஸ்டான்லிக்கு அனுப்புவார்கள். குடற்புழு மாத்திரை கடைசியாக எப்போது போட்டாள் என்பதையும் சொல்லுங்கள்.

சாப்பாட்டோடு டீ குடிப்பதும் ரத்தசோகைக்கு ஒரு காரணமாகலாம், டீயில் இருக்கும் துவர்ப்பு உணவிலிருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் முழுதாகச் சேரவிடாது. வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை, கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ. கறிக்கடையில் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) கிடைத்தால் வாங்கி மிளகு போட்டு வறுத்துக் கொடுங்கள், இரும்புச்சத்துக்கு அதை மிஞ்ச அதிகம் இல்லை. காசிமேட்டு நெத்திலியை முள்ளோடு குழம்பு வையுங்கள்.

பரிசோதனைச் சீட்டில் என்ன எண் வந்தது என்று எனக்கு எழுதுங்கள். பள்ளியில் காலை டிபனை எவ்வளவு சாப்பிடுகிறாள் என்பதையும் டீச்சரிடம் கேட்டு எழுதுங்கள். அந்த இரண்டையும் வைத்து அடுத்து என்ன செய்வது என்று சொல்கிறேன்.